அத்தியாயம் 6: பார்த்துக்கொள்பவருக்கு என்ன ஆகிறது?

இதுவரை படுக்கையில் இருப்பவரைப் பற்றியே பேசினோம். புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் காப்பது, மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, மாத்திரை நேரம் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த அத்தியாயம் அதையெல்லாம் செய்கிறவருக்கு. பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள். சில வீடுகளில் ஓய்வுபெற்ற கணவர், கல்யாணம் ஆகாத மகன். பக்கவாதமோ மறதிநோயோ புற்றுநோயோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்பவரின் உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக மாறத் தொடங்கும். அந்த மாற்றம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசியாகத் தெரிந்துகொள்பவர் அவர்தான்.

வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போது இன்னொருவருக்கு நோயாளியாக இடமில்லை. வாய் கோணிப் படுத்திருப்பவருக்கு முன்னால் 'எனக்குத் தலைவலி' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதை அவரே நம்பியும் விடுவார். ஆகவே 'எனக்கு மன அழுத்தம் இருக்கிறதா?' என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்வதில் பயனில்லை. இல்லை என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில், நோய் வருவதற்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், வாரத்தில் யார் யாரோடு பேசினீர்கள், எதற்குக் கோபம் வந்தது? சிலர் எப்போதுமே குறைவாகத் தூங்குகிறவர்கள். சிலருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வயிற்றுத் தொல்லை உண்டு. அது அவர்கள் வழக்கம். உங்கள் வழக்கத்திலிருந்து நீங்கள் எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கப் பார்க்கப்போகிறோம்.

உடம்பு

ஆபத்து என்று மூளை நினைத்த சில நொடிகளில், சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு வேகமாகிறது, செரிமானம் மந்தமாகிறது. 20, 30 நிமிடங்களில் அதே சுரப்பிகளிலிருந்து வரும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. சர்க்கரையை உயர்த்தி உடம்பைத் தயார்நிலையில் வைக்கிறது. மாமனார் கட்டிலிலிருந்து சரியும்போது அடுப்படியிலிருந்து ஓடிப்போய்ப் பிடிக்க இதெல்லாம் வேண்டும். பிடித்து, படுக்க வைத்து, பெருமூச்சு விட்ட பிறகு எல்லாம் அடங்க வேண்டும். இரவு முழுக்க அடுத்த அறை இருமலுக்குக் காது கொடுத்தபடி படுத்திருப்பவருக்கு அது முழுசாக அடங்குவதே இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கெடுவது தூக்கம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்ட எழுகிறவருக்குத் தூக்கம் கெடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. வேறொன்றைக் கவனியுங்கள். நாத்தனார் ஊரிலிருந்து வந்து, 'இன்னிக்கு ராத்திரி அப்பாவ நான் பார்த்துக்கிறேன், நீங்க உள்ள போய்ப் படுங்க அண்ணி' என்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறீர்கள். அன்றைக்கும் 2 மணிக்குக் கண் விழித்து, ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே விடிய விடியக் கிடக்கிறீர்களா? அப்படியென்றால் இனி உங்களை எழுப்ப மாமனார் தேவையில்லை. விழித்திருக்க உடம்பே பழகிவிட்டது. வெறும் அசதிக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். அசந்த உடம்பு இடம் கிடைத்தால் தூங்கிவிடும்.

அடுத்து வலி. சாயங்காலமானால் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல் ஒரு தலைவலி. பிடரியிலிருந்து தோள் வரை தசை இறுகிக் கிடப்பது. காலையில் எழும்போதே தாடை வலிப்பது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் தாடை வலிக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் தெரியும், இல்லையென்றால் பல் மருத்துவர் தேய்ந்த பல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இடுப்பு வலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆளைத் தப்பாகத் தூக்குவதால்தான் அது பெரும்பாலும் வருகிறது. தூக்கும் முறையை மாற்றாமல் மனசைச் சரிசெய்தால் போகாது. சர்க்கரை உள்ளவருக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தோள் இறுகிப்போனாலும் அதற்கு வைத்தியமே தனி.

வயிற்றில் எது நடந்தாலும் நமக்கு அது 'கேஸ்'தான். தட்டில் சோறு போட்டதும் பசி போய்விடுவது, வேலையெல்லாம் முடிந்த 11 மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டே மிக்சர் டப்பாவைக் காலி செய்வது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நாளில் மட்டும் இரண்டு மூன்று முறை கழிப்பறைக்கு ஓடுவது, தொண்டையில் உருண்டை நிற்பதாகத் தோன்றி எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பது எல்லாம் மன அழுத்தத்தில் வரக்கூடியவையே. ஆனால் வாரக்கணக்கில் மேல்வயிறு எரிந்தால் கவலைதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியிருந்தது. பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று காட்டிய ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் தினமும் போட்டுக்கொள்கிறவர்கள் பார்த்துக்கொள்பவர்களில் ஏராளம். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சில விளைவுகள் தாமதமாக வரும். அதனால் காரணம் புரியாமல் போகும். ஐ.சி.யூ. வாசலில் பத்து நாள் உட்கார்ந்திருந்து, ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து, எல்லாம் ஒருவழியாக நிலைப்பட்ட பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். ஷாம்புவையும் போர்வெல் தண்ணீரையும் திட்டுவோம். அதிர்ச்சியில் ஒரேயடியாக ஓய்வுநிலைக்குப் போன முடிகள் உதிர அவ்வளவு நாள் ஆகிறது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். அதேபோல மைக்ரேன் உள்ளவர்களுக்கு, நெருக்கடி நடக்கும்போது வராத தலைவலி அது தணிந்த மறுநாள் வரும்.

வெளியே தெரியாமலும் ஒன்று நடக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்த ஆய்வு 1995இல் லான்செட் இதழில் வந்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களையும், அந்தப் பொறுப்பு இல்லாத, அதே வயதையொட்டிய 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் உண்டாக்கி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆயிற்று. சின்ன ஆய்வுதான். ஆனால் 'மனசுதானே, உடம்புக்கு என்ன' என்கிற உறவினருக்குப் பதில் சொல்ல இது போதும்.

உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரையோ பிபியோ இருந்தால் அளவைப் பாருங்கள். இனிப்பைத் தொடவில்லை, மாத்திரை மாறவில்லை, ஆனாலும் சர்க்கரை ஏறுகிறது என்றால் கார்ட்டிசாலுக்கு அதில் பங்கு இருக்கலாம்.

எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் தலையில் கட்டுவதும் ஆபத்து. 45 வயதை ஒட்டிய பெண்ணுக்கு மாதவிடாய் முறை தவறுகிறது, ராத்திரி குப்பென்று வியர்க்கிறது, எரிச்சல் வருகிறது என்றால் அது மாதவிடாய் நிற்கப்போகும் காலமாகவும் இருக்கலாம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே அசதியைத்தான் தரும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நெஞ்சு விஷயத்தில் குழப்பத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை இவற்றில் எது வந்தாலும் சோடா குடித்துப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சில சமயம் நெஞ்சு வலிக்காமல் வாந்தியும் தாங்க முடியாத அசதியும் மட்டும் இருக்கும். மன அழுத்தம் என்ற முடிவுக்கு வர வேண்டியவர் இ.சி.ஜி. பார்த்த மருத்துவர், 'டென்ஷன்தான்' என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

மனம்

மனதில் முதலில் தெரிவது மறதி. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்கிறீர்கள். சாயங்கால மாத்திரை கொடுத்தோமா இல்லையா? இந்தக் கடைசிக் கேள்வி விளையாட்டல்ல. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இரட்டிப்பாகப் போய்விட்டால் உயிருக்கே வினையாகலாம். இந்தச் சந்தேகம் வரத் தொடங்கிய அன்றே, கொடுத்த கையோடு காலண்டரில் கோடு போடும் வழக்கத்தை ஆரம்பித்துவிடுங்கள்.

மறதிநோய் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு இங்கே இன்னொரு பயமும் சேரும்: எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ? மன அழுத்தத்தில் வரும் மறதி பெரும்பாலும் கவனக்குறைவுதான். 'நேத்து கேஸ் சிலிண்டர்காரர் வந்தாரே' என்று யாராவது எடுத்துக்கொடுத்தால், 'ஆமாம், நான்தானே பணம் கொடுத்தேன்' என்று நினைவு வந்துவிடும். மறதிநோயில் எடுத்துக்கொடுத்தாலும் அந்தச் சம்பவமே நினைவில் இருக்காது. சந்தேகம் தீராவிட்டால் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சுமந்துகொண்டு அலையாதீர்கள்.

பிறகு எரிச்சல். படுத்திருப்பவர் மூன்றாவது முறை தண்ணீர் கேட்கிறார். 'இப்பதானே குடிச்சீங்க!' என்று குரல் உயர்கிறது. டம்ளரை வைக்கிற சத்தமே தெரு வரை கேட்கிறது. ஐந்து நிமிடம் கழித்து அழுகை. அவருக்குத் தெரியாதே, பாவம், நானா இப்படிப் பேசினேன் என்று தோன்றுகிறது. மறுநாள் அதே டம்ளர், அதே சத்தம், அதே அழுகை. கோபம் எல்லோருக்கும் வரும். கோபமும் குற்ற உணர்ச்சியும் இப்படி நாள்தோறும் மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 'இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா தேவலை' என்ற நினைப்பு. அது வந்த நொடியே, தான் எவ்வளவு பெரிய பாவி என்று நடுங்கிப்போகிறவர்கள் உண்டு. பரிகாரம்போல இன்னும் கடுமையாக உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. என் கருத்தில், நீண்டநாள் பார்த்துக்கொள்கிறவர்களில் இந்த நினைப்பு எட்டிப்பார்க்காதவர்கள் குறைவு. அன்பு வற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சுமை தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, ஆள் மாற்ற வேண்டும் என்றே அர்த்தம். பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸாரிட் கேள்வித்தாளில் 22 கேள்விகள் இருக்கின்றன. நோயாளியின் நடத்தையால் வெட்கப்படுகிறீர்களா, அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம் போல இருக்கிறதா என்பதெல்லாம் அதில் உண்டு. கேள்வித்தாளில் அச்சிடும் அளவுக்கு இந்த உணர்வுகள் சகஜம்.

எரிச்சலைவிட எனக்குக் கவலை தருவது, எதுவுமே தோன்றாமல் போவது. பேத்திக்குக் காதுகுத்து என்று போன் வருகிறது. 'சரி' என்று மட்டும் வருகிறது. பிடித்த சீரியல் ஓடுகிறது, பார்க்கிறீர்கள், ஏறவில்லை. பெரும்பாலான நேரம் துக்கமாகவோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருப்பது தொடர்ந்து 2 வாரம் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டிருந்தால் அதை மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். மருந்தும் உண்டு, குணமும் உண்டு. செத்துவிடலாம் என்றோ, இருவரும் சேர்ந்தே போய்விடலாம் என்றோ ஒருமுறை தோன்றினால்கூட 2 வாரம் காத்திருக்கக் கூடாது. டெலி-மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

நடத்தை

இதைப் பிறர்தான் சொல்ல வேண்டும். போன் அடித்தால் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை கோயில் நின்றுவிட்டது. வாசலில் கோலம் இரண்டு கோட்டில் முடிந்துவிடுகிறது. நோயாளியின் மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் அடுக்கி இருக்கின்றன. உங்கள் பிபி மாத்திரை தீர்ந்து நான்கு நாளாகிறது. கண்புரை அறுவைச் சிகிச்சையை 'அவருக்குச் சரியாகட்டும்' என்று தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். காபி ஒரு நாளைக்கு ஐந்து ஆறு ஆகிவிட்டது.

ஆண்கள் விஷயம் கொஞ்சம் வேறு. மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர் சோர்ந்திருப்பதாக ஒருபோதும் சொல்லமாட்டார். டீக்கடைக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆகும். வெற்றிலை, புகையிலை கூடும். 'தூக்கம் வரத்தான்' என்று ராத்திரி ஒரு கட்டிங் ஆரம்பிக்கும். மது சீக்கிரம் கண்ணயர வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் அளவு ஏறிக்கொண்டே போகும். வீட்டில் யாரும் இதை மன அழுத்தம் என்று பார்ப்பதில்லை, 'இந்த வயசுல கெட்டுப்போனார்' என்றுதான் பேசுவார்கள்.

தியாகம் என்று பாராட்டப்படுவதால் யார் கண்ணிலும் படாத அறிகுறி ஒன்று உண்டு. வேறு யாரையும் தொடவிடாமை. தங்கை சோறூட்ட வந்தால் 'உனக்கு வராது, கொடு' என்று ஸ்பூனைப் பிடுங்குவது. ஹோம் நர்ஸ் வைத்தால் இரண்டே நாளில் குறை கண்டுபிடித்து அனுப்பிவிடுவது. ஓயாத பதற்றத்தில் இருப்பவருக்கு எல்லாம் தன் கையில் இருந்தால்தான் கொஞ்சம் நிம்மதி. ஊரிலிருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, 'உன்ன மாதிரி யாரு பார்ப்பா' என்று அரைமணி நேரம் பாராட்டிவிட்டு பஸ் ஏறும் உறவினர்கள் இதை இன்னும் வளர்த்துவிடுகிறார்கள்.

ஒரு கோடு மட்டும் தாண்டக் கூடாதது. படுத்திருப்பவரை முரட்டுத்தனமாக இழுப்பது, கோபத்தில் சாப்பாட்டைத் தாமதிப்பது, கை ஓங்குவது. இது நடந்தாலோ, நடந்துவிடும் போல இருந்தாலோ, அவரைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். உடனே ஒருவரைக் கூப்பிட்டு 'இன்னிக்கு என்னால முடியல, நீ வா' என்று சொல்லுங்கள்.

எப்படிக் கணக்கு வைப்பது

டைரியெல்லாம் வேண்டாம், எழுதமாட்டீர்கள். அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே தினமும் மூன்று குறிப்பு போதும். இடைவிடாமல் தூங்கியது அதிகபட்சம் எத்தனை மணி நேரம், வலி மாத்திரை எத்தனை, இன்றைக்குக் கத்தினேனா. 2 வாரம் கழித்துப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். தூக்கம் 3 மணி நேரத்தைத் தாண்டவே இல்லை, பாதி நாள்களில் வலி மாத்திரை என்றால் வேறு பரீட்சை தேவையில்லை. கூடவே, உங்களோடு உண்மை பேசக்கூடிய ஒருவரிடம் 'நான் முன்ன மாதிரி இருக்கேனா?' என்று கேளுங்கள். பதில் வரும்போது வாதாடாதீர்கள்.

நோயாளிக்கென்று வாங்கிய பிபி மெஷின் வீட்டில் இருக்கும். அதை உங்கள் கையிலும் கட்டுங்கள். காபி குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் ஏறியதற்குப் பயப்படாதீர்கள். பல நாள் பார்த்தும் 135/85க்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்குப் பணியாளர்கள் வருகிறார்கள் என்றால், நோயாளியைப் பார்த்து முடித்ததும் 'எனக்கும் ஒரு தடவை பாருங்க' என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் போனால் 'ஒரே டயர்டா இருக்கு டாக்டர்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். 'ஒன்றரை வருஷமா படுத்த படுக்கையா இருக்கிற மாமனார நான் ஒருத்திதான் பார்த்துக்கிறேன், ராத்திரி 3 மணி நேரம்தான் தூங்கறேன், இத்தனை வலி மாத்திரை போடறேன்' என்று காலண்டரைக் காட்டிச் சொல்லுங்கள். வீட்டு நிலவரம் தெரியாத மருத்துவரால் பாதி வைத்தியம்தான் பார்க்க முடியும்.

அடுத்த முறை அவருடைய ஃபைலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, உங்கள் பெயருக்கும் ஓர் ஓ.பி. சீட்டு போடுங்கள்.